டெஸ்டோஸ்டிரோன் குறைவு பரம்பரையா? குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால், மகன் அடுத்துக் கேட்பது "எனக்கும் வருமா?" என்பதுதான். அப்பாவுக்கு எதனால் குறைந்தது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் காரணத்தைத் தேடாமல் "எங்க பரம்பரையே அப்படித்தான்" என்று முடித்துக்கொள்வதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, சந்தேகமில்லை. ஆளுக்கு ஆள் டெஸ்டோஸ்டிரோன் அளவு வேறுபடுவதில் ஏறக்குறைய பாதி, சில ஆய்வுகளில் அதற்கும் மேல், மரபணுவால் வருவதாக இரட்டையரை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது நல்ல உடல்நிலையில் இருப்பவர்களிடையே உள்ள ஏற்ற இறக்கம். ஐம்பது வயதில் தொப்பையும் சர்க்கரையும் உள்ள ஒருவருக்கு அளவு குறைந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தத் தொப்பையையும் சர்க்கரையையும்தான். டைப் 2 சர்க்கரை உள்ள ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கிறது. அந்த வீட்டில் மகனுக்கு இறங்குவது சர்க்கரைக்கான வாய்ப்பு. அவர் எடையைக் கட்டுக்குள் வைத்தால் ஹார்மோன் குறையாமலே போகலாம். குறைந்த பிறகும், நன்றாக எடை இறங்கினால் அளவு ஏறுவதைப் பார்க்க முடிகிறது. இதைப் பிறவிக் குறை என்று நம்பிக் கைவிடுவது வீண் இழப்பு.

நிஜமாகவே மரபணு வழியில் வரும் குறைவுகளும் உண்டு. அவற்றைத் தேடும்போது எல்லோரும் அப்பா, தாத்தா, சித்தப்பா என்று ஒரே பக்கம் பார்க்கிறார்கள். தாய்வழியை யாரும் விசாரிப்பதில்லை. கால்மன் குறைபாடு எவ்வளவு அழகாக இதைக் காட்டுகிறது பாருங்கள். 1944-ல் கால்மன் என்ற மருத்துவர் சில குடும்பங்களில் பருவமடையாத ஆண்களுக்கு வாசனையும் தெரியவில்லை என்று பதிவு செய்தார். வாசனைக்கும் ஆண்மைக்கும் என்ன தொடர்பு? விதைகளை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்கள், கரு வளரும்போது மூக்குப் பகுதியில் தோன்றி, வாசனை நரம்புகளின் வழியாகவே மூளைக்கு நகர்கின்றன. அந்தப் பாதை சரியாக அமையாவிட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும். விதைகளில் கோளாறு இல்லை. மூளையிலிருந்து கட்டளைதான் வந்து சேரவில்லை.

கால்மனில் பல வகைகள் உண்டு. அவற்றில் ஒன்று எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. அம்மாவுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் அது இறங்கலாம். இங்கே விசாரிக்க வேண்டிய ஆள் தாய்மாமன். அவருக்குப் பிள்ளை இல்லையா, மீசை தாடி வளரவில்லையா, மல்லிகைப்பூ வாசமோ காபி வாசமோ தெரியாதவரா, பிறவியிலேயே ஒற்றைச் சிறுநீரகமா என்று கேளுங்கள். இதே வகை அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு இறங்கவே இறங்காது, ஏனென்றால் அப்பா மகனுக்குத் தருவது ஒய் குரோமோசோம். மகளுக்கு இறங்கும், அவள் வழியாகப் பேரனுக்குப் போகலாம். வேறு மரபணுக்களால் வரும் கால்மன் அப்பாவிடமிருந்தும் மகனுக்கு வரக்கூடும். அதனால்தான் எந்த வகை என்று மரபணுச் சோதனையில் பார்க்கச் சொல்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறு க்ளைன்ஃபெல்டரில் நடக்கிறது. ஆணுக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக அமைந்த நிலை இது. ஆண் குழந்தைகளில் சுமார் 600-க்கு ஒருவர், அதாவது அரிதே அல்ல. பிறவியிலேயே வருவதால் குடும்ப வியாதி என்று முத்திரை குத்தி, தாய் தகப்பன் மேல் பழி போடுகிறார்கள். முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் பிரிவதில் தற்செயலாக நேரும் பிசகு அது. தாய் பக்கமிருந்தும் வரலாம், தந்தை பக்கமிருந்தும் வரலாம். அண்ணனுக்கு இருப்பதால் தம்பிக்கும் இருக்கும் என்று அஞ்சி அவன் கல்யாணத்தை நிறுத்துவது அநியாயம்.

பையன் பதினான்கு வயதாகியும் சின்னப் பிள்ளை போலவே இருக்கிறான், அப்பா சொல்கிறார்: "எனக்கும் லேட்டாத்தான் மீசை வந்துச்சு." பெரும்பாலும் அவர் சொல்வது சரி, தாமதமாகப் பருவமடைவது குடும்பங்களில் ஓடுகிறது, தானாகவே சரியாகவும் செய்யும். ஆனால் 14 வயது முடிந்தும் விதைகள் பெரிதாகத் தொடங்கவில்லை என்றால் அந்த நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையில் விதை இறங்காமல் இருந்ததா, வாசனை தெரிகிறதா என்ற இரண்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கால்மன் என்றால் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் அவன் எலும்புக்கும் மனதுக்கும் நஷ்டம்.

சோதனையிலும் அவசரம் காட்டுகிறார்கள். மாலையில், சாப்பிட்ட பிறகு, காய்ச்சல் விட்ட மறுநாள் ரத்தம் கொடுத்து அந்த ஒரே எண்ணை வைத்துப் பயப்படுகிறார்கள். காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் எடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே குறைவு என்கிறது அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம். எல்லைக்கோடு ஒவ்வொரு அமைப்புக்கும் சற்று மாறும். டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் எஸ்ஹெச்பிஜி என்ற புரதம் உடல் பருமனால் குறைகிறது. சிலருக்கு மரபணுவாலும் குறைவு. அப்போது மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் உடலுக்குப் பயன்படும் பகுதி சரியாக இருக்கலாம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் கட்டளை ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அவை ஏறியிருந்தால் கோளாறு விதையில், க்ளைன்ஃபெல்டர் போல. இறங்கியோ ஏறாமலோ இருந்தால் மூளைப் பக்கம், கால்மன் போல. பரம்பரையா என்ற கேள்விக்கு முதல் திருப்பம் இங்கேதான் கிடைக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஊசி விஷயம். கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் ஒருவர், அளவு குறைவு என்றதும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். விந்தணு உற்பத்தி முடங்கும், பூஜ்யமாகவும் ஆகலாம். நிறுத்திய பின் திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகிறது. குழந்தை வேண்டும் என்றால் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லுங்கள். கால்மன் உள்ளவர்களுக்கு வேறு ஹார்மோன் ஊசிகளால் விந்தணுவை உண்டாக்க முடிகிறது, பலர் அப்பாவாகவும் ஆகிறார்கள். க்ளைன்ஃபெல்டரிலும் நுண்ணோக்கி அறுவை சிகிச்சையில் விதையிலிருந்து விந்தணு கிடைப்பதுண்டு. லாட்ஜில் அறை எடுத்து மருந்து விற்பவரிடம் ரகசியமாகப் போகிறவருக்கு இந்த வழிகள் தெரியாமலே போய்விடுகின்றன.

வீட்டில் ஒருவருக்குக் கால்மன் உறுதியானால் அவரோடு விஷயத்தை மூடிவிடாதீர்கள். பருவம் வராத தம்பியையும், 15 வயதாகியும் மாதவிலக்கு தொடங்காத தங்கையையும், அம்மாவின் சகோதரி பிள்ளைகளையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.