ரிமோட்டில் 'பிளே' வேலை செய்தது, 'ஸ்டாப்' மட்டும் செய்யவில்லை

அமெரிக்காவின் டெக்சாஸில் நண்பரின் ஆட்டுப் பண்ணையில் கயோட்டித் (ஓநாய் போன்ற காட்டு நாய்) தொல்லை. அதை வேட்டையாடப் போவோம். அடிபட்ட முயலைப் போலக் கத்தும் எலக்ட்ரானிக் அழைப்பானை 50 கஜம் தள்ளி வைத்து, மறைவிலிருந்து ரிமோட்டில் இயக்குவோம். (வலசை வாத்து வேட்டையில் இந்த மாதிரி ஒலிப்பதிவு கூடாது, கயோட்டி வேட்டைக்கு அங்கே தடையில்லை.)

சத்தம் உடனே தொடங்கும். அப்புறம் நிறுத்தவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் நடந்துபோய்த்தான் அணைத்தேன். கயோட்டி அதற்குள் ஊரைத் தாண்டியிருக்கும்.

முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தானே என்று புதிய 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டேன். பலனில்லை. ரிமோட்டின் பொத்தான்களைத் துடைத்தேன். அழைப்பானைப் புல்லிலிருந்து தூக்கி வாளியின் மேல் வைத்தேன். ரிமோட் எட்டும் தூரம் கூடியது, ஆனால் 'ஸ்டாப்' அப்படியேதான். இதில் 3 வார இறுதி போனது.

வீட்டு மேசையில் மட்டும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அங்கே இல்லாதது ஒன்றுதான்: கயோட்டியின் கண்ணை ஈர்க்க அழைப்பானின் பக்கத்தில் வைக்கும், மோட்டாரில் ஆடும் பொம்மை வால். சத்தம் தொடங்கியதும் அதுவும் ஆடத் தொடங்கும். அதன் மலிவு மோட்டாரின் பிரஷ்களில் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் உரசு முனைகள்) எழும் தீப்பொறி ரேடியோ இரைச்சலைக் கிளப்பி, ரிமோட்டின் கட்டளையைக் கேட்கும் அழைப்பானின் ரிசீவரைச் செவிடாக்கியிருக்கிறது. 'பிளே' அழுத்தும்போது மோட்டார் ஓடவில்லை, அதனால் அந்தக் கட்டளை மட்டும் போய்ச் சேர்ந்தது.

மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே '104' என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டரை, அந்த இரைச்சலை அடக்க, பற்றவைத்தேன். பொம்மையை 10 அடி தள்ளியும் வைத்தேன். இப்போது முதல் அழுத்தலிலேயே நிற்கிறது. அப்பாடா!