வைரல் லோட் இறங்கிவிட்டது, இனி என்ன என்று நினைப்பவர்களுக்கு

மும்பை தாராவியில் இருப்பவருக்கு, எச்ஐவிக்கு மருந்து தரும் சயான் ஆஸ்பத்திரியின் ஏஆர்டி சென்டர் நடை தூரம்தான். மாத்திரைக்கும் காசில்லை; அரசு 2004-லிருந்தே இலவசமாகத் தருகிறது. ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால், பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் எச்ஐவியின் அளவு, அதாவது வைரல் லோட், கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நல்ல ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் பல தவறுகள் தொடங்குகின்றன.

வைரஸே போய்விட்டது என்று நினைப்பது முதல் தவறு. வைரல் லோட் பரிசோதனை ரத்தத்தில் சுற்றும் வைரஸை மட்டும்தான் எண்ணும். நிணநீர் முடிச்சுகளிலும் குடலிலும் உள்ள சிடி4 செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களின் மரபணுவுக்குள் புகுந்துகொண்டு வைரஸ் தூங்குகிறது. மாத்திரை அது பெருகாமல் பார்த்துக்கொள்ளும், அங்கிருந்து வெளியேற்றாது. குடலின் நிலைமை இன்னும் மோசம். தொற்று வந்த முதல் சில வாரங்களிலேயே அங்குள்ள சிடி4 செல்கள் பெருமளவில் அழிந்துவிடும். சிகிச்சைக்குப் பிறகும் பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. குடல் சுவர் பலவீனமாகி, பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிறது. நீறு பூத்த நெருப்பு மாதிரியான இந்த அழற்சிக்குக் காய்ச்சலோ வீக்கமோ வலியோ இருக்காது. ஆனால் வருடக்கணக்கில் ரத்தக் குழாயின் உள்சுவரைக் கெடுக்கும். எச்ஐவி உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருவதற்கு இது முக்கியமான காரணம்.

அடுத்தது, ஊருக்குப் போகும்போது மாத்திரையை நிறுத்துவது. மே மாதம் நெல்லைக்கு ரயில் ஏறும்போது, வீட்டில் யாராவது டப்பாவைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று மும்பையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சிகிச்சையை இடையிடையே நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்த ஸ்மார்ட் ஆய்வின் முடிவு 2006-லேயே வந்துவிட்டது: நிறுத்தியவர்களிடம் மரணம் கூடியது, இதயம், சிறுநீரகம், கல்லீரல் பாதிப்புகளும் கூடின. கிளம்புவதற்கு முன்பே சென்டரில் சொல்லி, பயண நாளுக்கும் சேர்த்து மாத்திரை கேளுங்கள்.

நிறுத்தாமலே மருந்தை வீணாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். டோலூடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து உள்ள மாத்திரையை விழுங்கிய கையோடு வாய்வுக்கு ஜெலுசில் குடித்தால், அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் மருந்தை உடம்பில் சேர விடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஜெலுசில் குடிக்கலாம். ஜெலுசில் முதலில் என்றால், ஆறு மணி நேரம் பொறுத்து மாத்திரை.

அழற்சி என்று கேள்விப்பட்டதும் லேபுக்குப் போய், அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை பார்ப்பதும் தேவையில்லாத செலவு. சாதாரண சளிக்கே அது ஏறும். அழற்சி குறையும் என்று சொல்லி மஞ்சள்தூள் கேப்ஸ்யூல் விற்பவரிடம் ஏமாறுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காசில்லாமல் செய்யக்கூடியது பீடி, சிகரெட்டை விடுவது. நல்ல சிகிச்சையில் இருப்பவருக்கு எச்ஐவியைவிடப் புகைதான் ஆயுளை அதிகம் தின்கிறது. பிபி, சர்க்கரையையும் பாருங்கள். ஏஆர்டி சென்டரில் எல்லாமே பார்த்திருப்பார்கள் என்று இருந்துவிட வேண்டாம்.

வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் டாக்டரிடம் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பற்றிக் கேளுங்கள். எச்ஐவி உள்ளவர்களிடம் நடத்தி 2023-ல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில் தினமும் 4 மில்லிகிராம் பிட்டவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. கொழுப்பு அதிகம் இல்லாதவர்களும் அதில் பலன் பெற்றார்கள். நீங்களாக மெடிக்கலில் வாங்கிவிடாதீர்கள். சில ஸ்டேட்டின்கள் சில எச்ஐவி மருந்துகளோடு ஒத்துப்போகாது.