மாண்டலினில் அபசுரமா? காதைக் குறை சொல்லாதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு மாண்டலினோடு வருகிறவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "சார், எனக்குச் சுர ஞானமே இல்லை போல, மேலே போகப் போக அபசுரமா கேட்குது." வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் பிரிட்ஜ், அதாவது கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு, இடம் மாறியிருக்கும்.

சாதாரண மர மாண்டலினில் பிரிட்ஜை ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. புதுக் கம்பி போடுகிறேன் என்று நான்கு ஜோடியாக இருக்கும் எட்டுக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் நழுவிவிடும். அதனால் ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். ஏற்கெனவே நகர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் மெட்டுகள். 12-வது மெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி அடித்தது போல ஒரு நாதம் வரும். அப்புறம் அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறி இருந்தால், கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிரிட்ஜை மெட்டுகளை விட்டு விலகும்படி ஒரு நூலளவு தள்ளுங்கள். இறங்கி இருந்தால் மெட்டுகளை நோக்கி. தடித்த கம்பியிலும் மெல்லிய கம்பியிலும் தனித்தனியாகச் சோதிப்பது முக்கியம்.

அடுத்த தவறு, மேற்கத்திய முறையில் சுருதி சேர்த்துக்கொண்டு கர்நாடக சங்கீத வர்ணம் வாசிக்க முயல்வது. கடையிலிருந்து வரும் மாண்டலினை வயலின் போல ஜி, டி, ஏ, ஈ என்று சேர்ப்பார்கள். நமக்கு ச-ப-ச-ப (ஷட்ஜம், பஞ்சமம் மாறி மாறி) வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் 1 கட்டைக்கு (ச-வை மேற்கத்திய சி-யில் வைத்து) தளர்த்தினால் கம்பி தொங்கி மெட்டில் உரசி இரையும். 5 கட்டையை, அதாவது ஜி-யை, ஆதார சுருதியாக வைத்துக்கொண்டால் முதல் இரண்டு ஜோடியைத் தொடவே வேண்டாம். ஏ-வை ஜி-க்கும், ஈ-யை டி-க்கும் இறக்கினால் போதும். வீட்டுப் பயிற்சிக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வராமல் நொந்துபோகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜோடிக் கம்பியை இழுத்து அசைக்கும்போது இரண்டும் ஒரே அளவு நகராது, சுரம் பிசிறடிக்கும். பாலக்கொல்லுவில் 1969-இல் பிறந்த மாண்டலின் வித்வான் யு. ஸ்ரீநிவாஸ் நான்கு ஜோடியை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு மின் மாண்டலின் வாசித்தார். தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அவர் அசைப்பதை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள், அந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்று புரிந்துவிடும். மர மாண்டலினிலும் ஜோடிக்கு ஒன்றைக் கழற்றிவிட்டுப் பழகலாம். சத்தம் குறையும், பரவாயில்லை.

கம்பியை மீட்டும் பிக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். வாசித்து முடித்ததும் கம்பியில் இருக்கும் வியர்வையைப் பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் துரு ஏறும்.

கடைசியாக, நம்மூர் வெயில். கத்திரி சமயத்தில் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வாத்தியத்தை விட்டுவிட்டு ரயிலுக்குக் காத்திருக்காதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகும், கழுத்து வளையும். வளைந்த கழுத்தைப் பிரிட்ஜை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. கையோடு நிழலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.