ஓக்காக் கிழங்கில் நீங்களே ஒரு புது ரகம் உண்டாக்கலாம்

ஆண்டிஸ் மலையிலிருந்து கிளம்பிய உருளைக்கிழங்கு உலகம் முழுக்கப் போய்விட்டது. பெருவிலும் பொலிவியாவிலும் அதற்குப் பக்கத்துப் பாத்தியில் வளர்ந்த ஓக்கா, உல்லுக்கோ, மாஷுவா, யாக்கோன் எல்லாம் அவ்வளவு தூரம் போகவில்லை. உல்லுக்கோ நம் கொடிப்பசலையின் குடும்பம், யாக்கோன் சூரியகாந்தியின் குடும்பம். இரண்டுமே விதை பிடிப்பது அபூர்வம். மாஷுவா தன் மகரந்தத்திலேயே விதை வைத்துவிடும், ஆனால் அதன் காரநெடி எல்லாருக்கும் ஒத்துவராது. எனவே முதல்முறை கலப்பு செய்பவர்களுக்கு என் ஓட்டு ஓக்காவுக்குத்தான். அது புளியாரையின் உறவுக்காரி. அதே மூன்று பிரிவு இலை, அதே புளிப்பு.

நடவு

கிழங்கு முளைவிட்டதும் 8 செ.மீ. ஆழத்தில், 45 முதல் 60 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். தொட்டியும் போதும். இது குளிர்மலைப் பயிர். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும், அதனால் மதிய வெயிலுக்கு நிழல் வேண்டும். தண்டு படரும்போது மண் அணைத்துவிடுங்கள்.

பூவின் தொண்டையைப் பாருங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். நானும் விட்டேன். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று என்று இரண்டு கிழங்கு வாங்கி, நிறம் வேறு என்றால் கலப்பு எளிது என்று நினைத்து ஒரு பருவம் முழுக்கப் பூவோடு மல்லுக்கட்டினேன். ஒரு விதை கூட வரவில்லை. கிழங்கின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஓக்காவில் மூன்று வகைப் பூ உண்டு. ஒரு செடியின் பூவெல்லாம் ஒரே வகையாகத்தான் இருக்கும். மஞ்சள் இதழை விலக்கி, பூதக்கண்ணாடியில் உள்ளே பாருங்கள். பத்து மகரந்தத்தாள்கள், ஐந்து ஐந்தாக இரண்டு உயரத்தில் நிற்கும். நடுவே ஐந்து சூல்முடிகள். இவை தாள்களுக்கெல்லாம் மேலே நின்றால் நெட்டை வகை, இரண்டு வரிசைக்கும் இடையே நின்றால் நடு வகை, எல்லாவற்றுக்கும் கீழே இருந்தால் குட்டை வகை. ஒரே வகைப் பூக்களுக்குள் விதை பிடிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் சிவப்பும் மஞ்சளும் இரண்டுமே நடு வகை!

ஆக, குறைந்தது இரண்டு வகைச் செடி வேண்டும்.

கலப்பு

மறுநாள் மலரப் போகும் மொட்டுகளுக்கு முந்தின மாலையே மெல்லிய துணிப்பை கட்டுங்கள். தேனீ முந்திக்கொண்டால் அப்பன் யாரென்று தெரியாது. மேகம் மூடிய நாளில் பூ விரியாது, வெயில் வந்ததும் வேலையைத் தொடங்கலாம்.

தாய்ப்பூவின் சூல்முடி எந்த உயரத்தில் இருக்கிறதோ, தந்தைப்பூவில் அதே உயரத்தில் நிற்கும் தாளை இடுக்கியால் கிள்ளுங்கள். தாய் நெட்டை என்றால், நடு வகைப் பூவின் உயரமான தாள். அதன் தூளைச் சூல்முடி ஐந்திலும் தொட்டுத் தடவுங்கள். தாய்ப்பூவின் சொந்த மகரந்தத்தை நீக்க வேண்டியதில்லை, அது பெரும்பாலும் பலிக்காது. பிறகு பையைக் கட்டி, காம்பில் ஒரு சீட்டு: தாய், தந்தை, தேதி. ஒட்டாத பூ சில நாளில் உதிர்ந்துவிடும். மனம் தளராமல் பத்து இருபது பூக்களுக்காவது செய்யுங்கள்.

விதை

பையை அவிழ்த்துவிடாதீர்கள். காய் முற்றியதும் காசித்தும்பை போலப் பட்டென்று வெடிக்கும். ஒரு முறை, நாளைக்குப் பறிக்கலாம் என்று பையை எடுத்துவைத்தேன். மறுநாள் மதியத்துக்குள் வெறும் தோல்தான் மிச்சம். விதை மிகப் பொடி. ஈர மண்ணின் மேல் தூவி, மண்ணை லேசாகத் தூவினால் போதும். சில சீக்கிரம் முளைக்கும், சில ஆற அமர வரும்.

நம் உடல் செல்லில் குரோமோசோம் தொகுதி இரண்டு. ஓக்காவில் எட்டு, மொத்தம் 64 குரோமோசோம்கள். அதனால் ஒரே காயின் விதைகள்கூட ஒன்றுபோல் வராது. ஒவ்வொரு நாற்றும் ஒரு புது ரகம். கிழங்கு வழியாகக் கடந்துவரும் வைரஸ்களில் பெரும்பாலானவை விதையில் வராது என்பது கூடுதல் லாபம். கிழங்கையோ விதையையோ நாடு தாண்டித் தருவிப்பதாக இருந்தால், தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளை முதலில் பாருங்கள்.

அறுவடையும் கழிப்பும்

பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கிழங்கு திரளும். செடி பசுமையாக இருக்கும்போதே தோண்டினால் சுண்டுவிரல் அளவுதான் கிடைக்கும். பனியில் கருகினாலும் சரி, தானாக மஞ்சளித்தாலும் சரி, அதன்பின் இரண்டு வாரம் விட்டுத் தோண்டுங்கள்.

முதல் வருடத்தில் ருசியையும் வடிவத்தையும் குறித்துவைத்து, மோசமானதை மட்டும் கழியுங்கள். விளைச்சலைப் பற்றி இரண்டாம் வருடம்தான் முடிவு செய்ய வேண்டும், நாற்றிலிருந்து வந்த செடி முதலில் சற்று மெலிந்தே இருக்கும். கழித்ததைச் சில நாள் வெயிலில் காயவைத்தால் புளிப்பு இறங்கி இனிப்பு ஏறும். ஆண்டிஸ்காரர்களின் வழக்கம் அது. அப்புறம் வேகவைத்துச் சாப்பிடலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் அளவாக, இதில் ஆக்சலேட் உண்டு. விதைக்கிழங்கை வெயிலில் வைக்காமல், சீட்டோடு, குளிர்ந்த இருட்டில் வையுங்கள்.