ஹாம் ரேடியோவுக்கு ஆள் சேர்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஹாம் ரேடியோ என்றால், உரிமம் வாங்கிக்கொண்டு சொந்த ரேடியோவில் முகம் தெரியாதவர்களோடு பேசும் பொழுதுபோக்கு. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், மேசை மேல் இருந்த அந்த ரேடியோவைக் காட்டி, "இது என்ன மாமா?" என்று கேட்டான். ஐந்து நொடிக் கேள்வி. நான் பதில் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அயனி மண்டலம், பேண்டுகள், உரிமத் தேர்வு, ஆன்டெனா வகைகள், நான் எத்தனை நாட்டுக்காரர்களோடு பேசியிருக்கிறேன் என்ற கணக்கு வரை எதையும் விடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் போன்லயே பேசிடலாமே மாமா" என்றான். உடனே பேரிடர்ச் சேவை பற்றி இன்னொரு பத்து நிமிடம். அதன் பிறகு இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே அவன் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன், விளக்கு எரிவதைப் பார்த்து எட்டிப் பார்த்தான். நான் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒருவர் எங்களுக்குத் தெரியாத மொழியில் பேசிக்கொண்டிருந்தார். குரல் மேலே வந்து வந்து அமுங்கியது. "யாரு மாமா அது?" "தெரியலடா." "எங்கேருந்து?" "அவர் கால் சைன் சொல்வாரு, அப்பத் தெரியும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான். இன்று அவனிடம் சொந்தமாகக் கால் சைன், அதாவது உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறி, இருக்கிறது.

நாற்பது நிமிடத்தில் நான் செய்தது எல்லாமே தவறு. அந்த இரவில் நடந்தது தற்செயல். பிறகு சிலரை இந்தப் பொழுதுபோக்குக்குக் கூட்டி வந்திருக்கிறேன், சிலரை விரட்டியும் இருக்கிறேன். கீழே இருப்பது பெரும்பாலும் விரட்டியதில் கற்றது.

போனோடு சண்டை போடுவது

"போனிலேயே பேசலாமே" என்பது நியாயமான கேள்வி. அதோடு வாதாடப் போனால் தோற்போம். தெரிந்தவரிடம் தெளிவாகப் பேசுவதற்குப் போன்தான் வசதி என்று ஒப்புக்கொண்டுவிடுங்கள். போனில் யார் எடுப்பார் என்று தெரிந்து கூப்பிடுகிறோம். இங்கே யார் வருவார் என்று தெரியாமல் கூப்பிடுகிறோம். போனுக்கு நடுவில் கோபுரம், கேபிள், கம்பெனி எல்லாம் வேண்டும். இங்கே இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி, நடுவில் வானம். இதற்கு மேல் சொன்னால் பிரசாரம் ஆகிவிடும்.

பேரிடர்ச் சேவையை முதலிலேயே எடுத்து விடுவதும் அப்படித்தான். ஹாம்கள் உதவியது உண்மை. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. மற்ற தொடர்புகள் துண்டித்துப் போக, செய்திகளைக் கடத்தியது அவர்கள் ரேடியோதான். ஆனால் அவர்கள் அங்கே போனது எதற்கு? அரிதான இடத்திலிருந்து உலகத்தோடு பேசி மகிழ. ஆசைக்காகக் கையில் வந்த பழக்கம்தான் ஆபத்தில் உதவியது. புதியவரிடம் கடமையை முதலில் நீட்டினால், வெள்ளம் வராத ஊர்க்காரருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றிவிடும்.

நேரம் பார்க்காமல் ரேடியோவைப் போடுவது

இது நான் அதிகம் பார்த்த தவறு, நாம் அதிகம் பேசாத தவறும்கூட. நண்பரை நண்பகலில் கூப்பிட்டு, 7 மெகாஹெர்ட்ஸைப் போட்டு, "இதில் கண்டம் விட்டுக் கண்டம் பேசலாம்" என்போம். ரேடியோ கரகரவென்று இரையும். ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டலப் பகுதிதான் அயனி மண்டலம். பகலில் அதன் கீழே இருக்கும் டி அடுக்கு அந்த அலைகளை உறிஞ்சிவிடும், சில நூறு கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிடும், அலை இன்னும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதனால் 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் இரவில் கூப்பிடுங்கள். பகலில்தான் வர முடியும் என்றால் 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போங்கள். முந்தின நாள் அதே நேரத்தில் நீங்கள் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

இன்னொன்று, இரைச்சல். எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், மலிவான பவர் சப்ளை எல்லாம் குறைந்த அலைவரிசைகளில் கொடுமையாக இரையும். நமக்குக் காது பழகிவிட்டது, வருபவருக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவர் வருவதற்கு முன் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் எங்கே இறங்குகிறது என்று தெரியும்.

டியூனிங் குமிழை அவர் கையிலேயே கொடுங்கள். இந்த அலைவரிசைகளில் பேசப் பயன்படும் சிங்கிள் சைட்பேண்ட் முறையில் வரும் குரல் முதலில் வாத்து கத்துவது போல இருக்கும். ஒரு நூல் நகர்த்தினால் கீச்சென்று ஆகும், எதிர்ப்பக்கம் நகர்த்தினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகும், நடுவில் ஓர் இடத்தில் சட்டென்று மனிதக் குரலாகிவிடும். அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். நாமே டியூன் செய்து கொடுத்தால் அது அவருக்குக் கிடைக்காது.

பக்கத்தில் ரேடியோ இல்லையென்றால் நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கும் இணைய ரிசீவர் போல ஒன்றை பிரவுசரில் திறந்து கேட்க வைக்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தையும் கேட்கலாம். அதன் ஹாம் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் இறங்கும், அது நம் வானத்தைக் கடந்து போகும் ஒரு நல்ல கடப்பு பத்து நிமிடம் இருக்கும். ஆனால் "விண்வெளி வீரர் பேசுவார்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான கடப்புகளில் யாரும் பேசமாட்டார்கள். நான் ஒருமுறை நாலு பிள்ளைகளை மாடியில் ஏற்றி, பத்து நிமிடம் வானத்தைப் பார்க்க வைத்து இறக்கினேன்.

முதல் வாரத்திலேயே கருவி வாங்கச் சொல்வது

"என்ன ரேடியோ வாங்கலாம்?" என்று கேட்டால் நமக்கு உற்சாகம் பொங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாக்கி-டாக்கி போன்ற ஒரு கைக்கருவியைக் காட்டிவிடுவோம். அவர் வாங்குவார், சார்ஜ் போடுவார், ஆன் செய்வார். அமைதி. அந்தக் கருவிகள் பெரும்பாலும் பேசும் 144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. தடை எதுவும் இல்லாததால் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் விண்வெளி நிலையத்தின் குரல் கேட்கும், இரண்டு தெரு தள்ளி, கட்டடத்துக்குப் பின்னால் இருப்பவர் குரல் கேட்காது. அருகில் ரிப்பீட்டர் (சமிக்ஞையை வாங்கி, பலமாகத் திரும்ப அனுப்பும் நிலையம்) இருக்கிறதா, அதில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் கைக்கருவியைப் பரிந்துரைத்தால் அது ஒரு மாதத்தில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். உரிமம் வரும் முன்பே வாங்க வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கையில் பொத்தான் இருந்தால் யாரும் அழுத்திப் பார்ப்பார்கள். உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்வது சட்டப்படி குற்றம். கைக்கருவியை வைத்திருக்கவே உரிமம் கேட்கும் நாடுகளும் உண்டு.

அதிக வாட் வேண்டும் என்ற ஆசையை ஊட்டுவதும் வீண். 25 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் எதிர்முனையில் எஸ் மீட்டர் ஒரே ஒரு புள்ளிதான் ஏறும். அந்தக் காசையும் கவனத்தையும் ஆன்டெனாவில் போடச் சொல்லுங்கள். முடிந்தால் சேர்ந்தே ஒன்று கட்டுங்கள்: 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின், அதாவது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீட்டிய கம்பி ஆன்டெனாவின், நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர், அதாவது பக்கத்துக்குப் பத்து. வெட்டும்போது ஒரு முழம் கூடவே விடுங்கள். நீளத்தைக் குறைக்கலாம், கூட்ட வேண்டுமானால் ஒட்டுத்தான் போட வேண்டும். கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கக் குறைக்க எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் அளவு) இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்தவருக்கு ஆன்டெனா பற்றிப் புத்தகம் எதுவும் தேவைப்படாது. மின்கம்பி போகும் பக்கத்தில் மட்டும் எந்தக் கம்பியையும் கட்ட விடாதீர்கள். அதில் விளையாட்டே கூடாது.

மோர்ஸை வாசலில் நிறுத்தி வைப்பது

புள்ளியும் கோடுமாக அனுப்பும் தந்திக் குறியீடுதான் மோர்ஸ். "மோர்ஸ் தெரியணுமாமே?" என்று பயந்து விலகியவர்கள் நிறைய. 2003-ல் நடந்த உலக ரேடியோ மாநாடு, மோர்ஸ் தேர்வு வேண்டுமா என்பதை அந்தந்த நாடுகளின் விருப்பத்துக்கு விட்டது. பல நாடுகள் அதன் பிறகு எடுத்தேவிட்டன. உங்கள் நாட்டில் இன்றைய விதி என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள், நீங்கள் தேர்வு எழுதிய காலத்து விதியை ஒப்பிக்காதீர்கள். மோர்ஸ் இல்லாமல் வந்தவரை அரை ஹாமாகப் பார்க்கும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்.டி.8 முறையில் ஆடுபவரை "கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்குது" என்று கேலி செய்வதும் இதே வகை. 2017-ல் வந்த அந்த முறையை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜோ டெய்லர், 1993-ல் இயற்பியல் நோபல் பெற்றவர். பதினைந்து நொடித் துண்டுகளாக அனுப்பி, காதுக்கே எட்டாத சமிக்ஞையையும் பிரித்தெடுக்கும். இடமில்லாத வீட்டில் சின்னக் கம்பி வைத்திருப்பவருக்கு அதுதான் கதவு. ஒருவருக்குப் போட்டி பிடிக்கும், இன்னொருவருக்குச் செயற்கைக்கோள். சால்டரிங் அயர்னைக் கீழே வைக்காமல், கட்டிய ரேடியோவில் ஒரு வார்த்தையும் பேசாதவரும் உண்டு. நமக்குப் பிடித்ததை அவர் தலையில் கட்டக்கூடாது. என் அக்கா மகனே இப்போது மைக்கைத் தொடுவது அபூர்வம். நான் தள்ளிவிடாததாலோ என்னவோ, மோர்ஸை அவனாகவே பிடித்துக்கொண்டான்.

மைக்கை நீட்டி "பேசு" என்பது

பயம் வரும், கை நடுங்கும். மேடைப் பேச்சாளரைக்கூட மைக் பொத்தான் ஊமையாக்கிவிடும். ஒரு மாணவி, விதி அனுமதித்தபடி என் மேற்பார்வையில் முதல்முறை பேசினாள். பேசி முடித்தபின் பதிலே இல்லை. ஒரு நிமிடம் கழித்து, "யாருமே பதில் சொல்லலையே சார்" என்றாள். பொத்தானை அழுத்தியபடியே இருந்தாள். அந்த வாக்கியமும் அலையில் போயிருக்கிறது. எதிர்முனை நண்பர் அதற்கும் சேர்த்துப் பதில் சொன்னார்.

நல்லவேளையாக அவர் நண்பர். முதல் தொடர்பை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள், நூறு பேர் முட்டி மோதும் இடத்தில் இறக்கிவிடாதீர்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுங்கள்: கால் சைன், பெயர், ஊர், சமிக்ஞை அறிக்கை (எதிர்முனைக் குரல் எப்படிக் கேட்கிறது என்பது). பொத்தானை அழுத்தி அரை நொடி கழித்துப் பேசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் அசை வெட்டுப்படும். ஹாம்களின் சுருக்கக் குறியீடுகள் முழுவதையும் ஒப்பிக்க வைக்க வேண்டாம். பொது அழைப்புக்கு சிக்யூ, விடைபெற 73, இரண்டு போதும். மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும்.

தவறு செய்தால் அலையிலேயே திருத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. ஊரே கேட்கிறது. "கால் சைனை ஒழுங்காச் சொல்லணும்" என்று ஒரு மூத்த குரல் அதட்டினால் அந்தப் புதியவர் அடுத்து எப்போது பொத்தானை அழுத்துவார் என்று சொல்ல முடியாது. சிலர் அழுத்துவதே இல்லை. அப்புறம் தனியாகச் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது?

உரிமம் வந்ததும் கைவிடுவது

தேர்வு வரை தினமும் போன் செய்வோம். கால் சைன் வந்ததும் வாழ்த்துச் சொல்லி முடித்துவிடுவோம். அதற்குப் பின் வரும் இரண்டு மூன்று மாதத்தில்தான் பலர் காணாமல் போகிறார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, தொல்லை கொடுக்கக் கூச்சம். பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே அலைவரிசை. வந்தால் பேசுங்கள். வராவிட்டால் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு ரேடியோவை அணைத்துவிடுங்கள், "ஏன் வரல?" என்று போனில் விசாரிக்க வேண்டாம்.

அக்கா மகனுக்கு உரிமம் வந்த புதிதில் இரண்டு வாரம் வந்தான், மூன்று வாரம் வரவில்லை. ஆறாவது வாரம் நான் கூப்பிட்டு முடித்து, அணைக்கக் கையைக் கொண்டுபோகும்போது ஒரு குரல்: "மாமா, கேக்குதா?" கால் சைனே சொல்லவில்லை. விதிப்படி தவறுதான். "நல்லாக் கேக்குது" என்று சொல்லிவிட்டு, என் கால் சைனை மட்டும் எழுத்தெழுத்தாக நிதானமாகச் சொன்னேன். கொஞ்சம் இடைவெளி விட்டு அவனும் சொன்னான்.