காருக்கு முன் டீலரைப் பாருங்கள்

ஊருக்குப் புதிதாக வந்து கார் இல்லாமல் இருப்பது கை ஒடிந்ததுபோல்தான். அந்த அவசரத்தில் விற்பவர் யார் என்று பார்க்கத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. பளபளவென்று நின்ற பழைய காரைப் பார்த்ததுமே பணத்தைக் கட்டிவிட்டேன். மூன்றே மாதத்தில் மின்சார இணைப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. மெக்கானிக் வந்து பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். அடிப்பகுதியில் காய்ந்த சேற்றுக்கோடு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி.

அதன்பிறகு எந்த டீலரிடம் போனாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: "எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வரலாமா?" நல்ல டீலர் என்றால் தயங்காமல் சரி என்பார். வண்டியை வெளியே விட முடியாவிட்டால் மெக்கானிக்கை அங்கேயே வரச்சொல்வார். "நாங்களே எல்லாம் பார்த்துவிட்டோம், இன்னொருவர் மதியம் வாங்க வருகிறார்" என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். மெக்கானிக்கும் டீலர் காட்டும் ஆளாக இருக்கக் கூடாது. அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண்செலவாக நினைக்காதீர்கள்.

பார்க்க வருவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கும்படி கேளுங்கள். போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று விசாரியுங்கள். குளிர்ந்த இன்ஜினில் வரும் சத்தமும் புகையும் சூடேறிய பிறகு மறைந்துவிடலாம்.

அப்புறம் காகிதங்கள். இப்போதைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க அடையாள எண் உண்டு. கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டிலும் கதவுச் சட்டத்திலும் இருப்பது காகிதத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். அந்த எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வராது. காகிதத்தில் வந்திருந்தால் எங்கோ தப்பு. அந்த எண்ணை வைத்து விபத்து விவரம், மீட்டர் கணக்கு, பாக்கிக் கடன் ஆகியவற்றைப் பார்க்கும் வசதி உங்கள் நாட்டில் இருந்தால் நீங்களே பாருங்கள். டீலர் நீட்டும் அச்சுப்பிரதி போதாது.

விலையைக் கேட்டால் மாதத் தவணையை மட்டுமே சொல்கிறாரா? "எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று மறுபடி மறுபடி கேளுங்கள். கட்டணங்களும் வட்டியும் அதில்தான் வெளிவரும். வாரண்டி, சரிசெய்து தருவதாகச் சொன்ன பழுது, அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பது, எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். டீலர் தமிழில் "தம்பி, நம்ம ஆளு நீங்க" என்றதும் நமக்கு மனசு இளகிவிடும். தூர தேசத்தில் அது இயல்பு. ஆனால் அவரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். நேர்மையானவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.