பாயிண்டர் நாயைக் களப்போட்டிக்குப் பழக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வேட்டை நாய் என்றாலே காட்டுப்பன்றியைத் துரத்தி மடக்கும் நாய்தான் நம் நினைவுக்கு வருகிறது. அதே கண்ணோடு பாயிண்டர், செட்டர் இனக் குட்டிகளையும் பழக்குவதே முதல் தவறு. பறவையின் மோப்பம் கிடைத்த நொடியில் ஓட்டத்தை நிறுத்தி, அது பதுங்கியுள்ள திசைக்கு மூக்கை நீட்டியபடி அசையாமல் நிற்பதே இந்த இனங்களின் பிறவிக்குணம். 1865இல் இங்கிலாந்திலும் 1874இல் அமெரிக்காவின் டென்னசியிலும் தொடங்கிய களப்போட்டிகள் இந்தக் குணத்தைத்தான் சோதிக்கின்றன. அமெரிக்கப் போட்டிகளில் நாய்களை இரண்டிரண்டாக விடுவார்கள். பழக்கம் முற்றிய நாயாக இருந்தால், பறவை எழும்பினாலும் வெற்றுத் தோட்டா வெடித்தாலும் அது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இணை நாய் பறவையைக் காட்டி நிற்பதைக் கண்டால் தானும் நின்றுவிட வேண்டும்.

மீட்கவே கடினமான சேதத்தை வெடிச்சத்தம் செய்துவிடுகிறது. தீபாவளி இரவில் லயத்து வாசலில் குட்டியைக் கட்டிவைத்து, பட்டாசு கேட்டுப் பழகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் என் முதல் நாயை அப்படித்தான் கெடுத்தேன், அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அச்சம் ஒருமுறை பறவையோடு சேர்ந்துவிட்டால், மோப்பம் கிடைத்தும் நாய் விலகிப் போகத் தொடங்கும். குட்டி ஒரு காடையின் பின்னால் உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது, வெகு தொலைவிலிருந்து இரண்டு பலகைத் துண்டுகளைத் தட்டுவதில் தொடங்கி, அது பொருட்படுத்தாத அளவுக்குப் பழகிய பிறகே, பல வாரங்களில் சிறிது சிறிதாக நெருங்க வேண்டும். இந்தப் பருவத்தில் அது துரத்துவதைத் தடுக்க வேண்டாம். அசையாமல் நிற்கும் ஒழுக்கத்தைப் பின்னால் கற்பிக்கலாம்.

நாய் பறவையைக் காட்டி நிற்கும்போது நேர் பின்னாலிருந்து வேகமாக நடந்து சென்றால், அது முன்னால் தள்ளப்படுவதாக உணர்ந்து பாய்ந்துவிடும். பக்கவாட்டில் சுற்றி, அதன் கண்ணில் படும்படி வர வேண்டும். ஓயாமல் கூப்பிடுவதும் விசிலடிப்பதும் நாயின் கவனத்தை நிலத்திலிருந்து பிடுங்கி நம் பக்கம் திருப்புகின்றன. காற்றை முதுகில் வைத்து நாயை அனுப்பினால், மோப்பம் எட்டுமுன்பே அது பறவையை மிதித்துவிடும். அது நாயின் குற்றமன்று.

நம் ஊர் வெயிலில் நேரமும் முக்கியம். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஈரப்பதம் மிகுந்த காற்றில் இளைப்பு மட்டும் அதன் உடலைக் குளிர்விக்காது. ஆகவே தோட்டத் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டு கலையும் வேளைக்குள் பயிற்சியை முடித்து, தண்ணீர் காட்டி, செம்பனை நிழலில் படுக்க விடுங்கள்.